லாக்டவுனில் சிக்கிய காலை மீட்டு ஹாஃப் கார்டைக் கடப்பது: ஒரு பயிற்சிப் பதிவு

தரையில் பிடிபோட்டு ஆடும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில், கீழே படுத்திருப்பவர் மேலே இருப்பவரைத் தம் கால்களால் தடுத்து வைக்கும் நிலை கார்டு; மேலே இருப்பவரின் ஒரு காலை மட்டும் சிக்க வைத்திருப்பது ஹாஃப் கார்டு. ஹாஃப் கார்டின் மேற்பக்கம் இருப்பவருக்கு அது பொதுவாகச் சாதகமான நிலைதான். கீழே இருப்பவரின் ஒரு காலைக் கடந்தாயிற்று, இன்னொரு காலையும் கடந்துவிட்டால், பக்கவாட்டிலிருந்து அழுத்திப் பிடிக்கும் சைடு கண்ட்ரோலோ மேலே ஏறி அமரும் மவுண்டோ கைக்கு வந்துவிடும். ஆனால் கீழே இருப்பவர் தம் இரண்டு கால்களையும் மேலே இருப்பவரின் ஒற்றைக் காலைச் சுற்றிப் பின்னி லாக்டவுன் என்னும் பூட்டைப் போட்டுவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மேலே இருப்பவர் நகர முடியாமல் நிற்க, கீழே இருப்பவர் நினைத்தபோது தூக்கவும், புரட்டவும், வலிக்க வைக்கவும் முடிகிறது. என்னுடன் பயிற்சி செய்பவர்களில் இருவர் இதில் தேர்ந்தவர்கள். அவர்களிடம் மாட்டிக்கொண்டால் அந்தச் சுற்று முழுவதும் அங்கேயே கழிந்துவிடும் என்ற நிலை வெகுநாள் நீடித்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகவே, வேறு எதையும் சேர்க்காமல், லாக்டவுனைக் கடப்பதை மட்டும் தனி வேலையாக எடுத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். அதில் எது பலித்தது, ஏன் பலித்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பூட்டின் அமைப்பு

குழப்பம் வராமல் இருக்க, இப்பதிவு முழுவதும் சிக்கியிருப்பது என் வலது கால் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போது எதிராளியின் வலது கால் என் இரு கால்களுக்கும் நடுவே இருக்கும். அதை உள்கால் என்கிறேன். அவருடைய இடது கால் என் வலது காலுக்கு வெளிப்புறத்திலிருந்து வந்து கெண்டைக்காலின் மேல் விழும். அது வெளிக்கால். வெளிக்காலின் பாதம் உள்காலின் முழங்கால் மடிப்புக்குள் செருகப்படுகிறது. கடைசியாக, உள்காலின் பாதம் என் வலது கணுக்காலுக்கும் தரைக்கும் நடுவே நுழைந்து கொக்கியாக மாட்டிக்கொள்கிறது.

சாதாரண ஹாஃப் கார்டில் என் கால் இரண்டு தொடைகளுக்கு நடுவே நெருக்கப்படுகிறது, அவ்வளவுதான். லாக்டவுனில் நெருக்குவதோடு நிற்காமல் நீட்டவும் முடிகிறது. கீழே இருப்பவர் தம் கால்களை நேராக நீட்டும்போது, மேலிருந்து அழுத்தும் வெளிக்காலும் கீழிருந்து பிடிக்கும் கொக்கியும் சேர்ந்து என் வலது காலைப் பின்னோக்கி இழுக்கின்றன. என் முழங்கால் நேராகிறது, இடுப்பு தரையை நோக்கிச் சரிகிறது, உடலின் எடை என் முழங்கால்களை விட்டு நீங்கி முன்னால் கைகளுக்குப் போய்விடுகிறது. அந்த நொடியில் அவர் இடுப்பை உயர்த்தி என்னைத் தூக்கிப் போட்டு, இரண்டு கைகளையும் என் அக்குள்களுக்கு அடியில் நுழைத்துவிடுகிறார். கால்பூட்டு என்பது தாக்குதலின் முதல் பாதிதான். மறுபாதி இந்த இரட்டை அண்டர்ஹுக். இரண்டும் சேர்ந்த பிறகு தப்பிப்பது மிகக் கடினம் என்பதை நான் இந்தப் பதிவின் அடிப்படையாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஹாஃப் கார்டைத் தற்காப்பு நிலையாக மட்டும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. முழங்கால் காயத்தால் வழக்கமான கார்டு ஆட முடியாமல் போன ராபர்ட்டோ ‘கோர்டோ’ கொரேயா, 1990களில் அதைப் புரட்டுவதற்கும் தாக்குவதற்குமான இடமாக வளர்த்தெடுத்தார். லாக்டவுனை ஒரு முழுமையான முறையாகத் தொகுத்துப் பரப்பியவர் எட்டி பிராவோ. 2003இல் சாவோ பாவ்லோவில் நடந்த ஏடிசிசி என்னும் பிடிமல்யுத்தப் போட்டியில் ராய்லர் கிரேசியை, கால்களால் கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிள் பிடியில் வென்று பெயர் பெற்றவர் அவர். பிராவோவும் ராய்லரும் 2014இல் மெட்டாமோரிஸ் 3 என்னும் ஜியு-ஜிட்சு நிகழ்ச்சியில் மறுபடியும் மோதினார்கள். ஆட்டம் சமனில் முடிந்தாலும், பிராவோ லாக்டவுனிலிருந்து எலக்ட்ரிக் சேர் என்னும் கால்விரிப்புப் பிடியையும் கெண்டைக்கால் நசுக்குப் பிடியையும் போட்ட காட்சிகள் இந்த நிலையைப் படிக்க விரும்பும் எவரும் பார்க்க வேண்டியவை. மேலே இருப்பவர் ராய்லரைப் போன்ற அனுபவசாலியாக இருந்தாலும், கால் பூட்டப்பட்டு மேலுடல் கட்டுப்பாடும் கைநழுவினால் என்ன நேரும் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இழுப்பதால் ஏன் கால் வருவதில்லை

சிக்கிய காலை உருவ வேண்டும் என்றுதான் உடல் தானாக நினைக்கிறது. என் பயிற்சித் துணைவரிடம், நான் எதைச் செய்யும்போது அவருக்குச் சிரமம், எதைச் செய்யும்போது சுலபம் என்று கேட்டேன். “நீங்க காலைப் பின்னாடி இழுக்கும்போதெல்லாம் எனக்கு வேலை மிச்சம் அண்ணா, நானும் அந்தப் பக்கம்தானே நீட்டணும்” என்றார். அந்த ஒரு பதில் அடுத்தடுத்த பயிற்சிகளின் போக்கையே தீர்மானித்தது.

அவர் சொன்னது இயந்திர விதிப்படியும் சரி. பூட்டு என் காலைப் பின்னோக்கி நீட்டுவதால் இறுகுகிறது. நான் பின்னோக்கி இழுத்தால், அவர் செய்ய வேண்டிய நீட்டலில் பாதியை நானே செய்து கொடுக்கிறேன். மேலும், கெண்டைக்காலிலிருந்து கணுக்கால் வரை கால் மெலிந்துகொண்டே வருகிறது. அதற்கப்பால் பாதம் குறுக்கே நிற்கிறது. இழுக்க இழுக்க, பூட்டு மெலிந்த கணுக்காலில் வந்து நின்று, பாதத்தில் தடுக்கி இன்னும் இறுகுகிறது. ஆகவே முழங்காலை முன்னோக்கி, அதாவது அவருடைய தலையை நோக்கிக் கொண்டுசெல்வதுதான் விடுபடும் வழி. முழங்கால் மேலே ஏற ஏற, அவருடைய கால்கள் மடங்கியாக வேண்டியிருக்கிறது. மடங்கிய கால்களால் நீட்ட முடியாது.

இன்னொன்றையும் கவனித்தேன். வெளிக்காலின் பாதத்தைப் பிடித்து வைத்திருப்பது உள்காலின் முழங்கால் மடிப்பு. அந்த மடிப்பு நேரானால் பாதம் தானாக வெளியே வந்துவிடும். தாழ்ப்பாளின் நாக்கு நகர்ந்தால் கதவைத் தள்ளத் தேவையே இல்லை என்பதைப் போல, உள்காலைக் கையாண்டால் மேலே கனமாக விழுந்திருக்கும் வெளிக்காலுடன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பார்வைக்கு வெளிக்கால்தான் பெரிய தடையாகத் தெரிகிறது. கை அதைத் தள்ளத்தான் போகிறது. ஆனால் வேலை நடப்பது உள்காலில்.

முதலில் மேலுடல்

காலைப் பற்றி இத்தனை எழுதிய பிறகும், கடப்பதற்கான முதல் வேலை காலில் இல்லை என்பதுதான் இந்தப் பயிற்சியில் நான் உறுதியாகக் கண்டது. மேலுடலைக் கட்டுப்படுத்தும் முன்பு காலைத் தொட்ட முயற்சிகள் எல்லாமே ஒரே இடத்தில் முடிந்தன: நான் கீழே கை வைத்துப் பூட்டைத் தள்ளுவேன், அவர் அந்தக் கை விட்டுச்சென்ற வெற்றிடத்தில் அண்டர்ஹுக் நுழைத்து எழுந்துவிடுவார்.

வரிசை இதுதான். இடது கையால் கிராஸ்ஃபேஸ்: என் முன்கை அவருடைய கழுத்துக்கு அடியில் போய், என் இடது தோள் அவருடைய தாடையின் மேல் அமர வேண்டும். அவர் முகம் என்னைவிட்டு விலகி, அவருடைய இடப்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். முகம் எப்பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிராக முதுகெலும்பு உருள்வது கடினம். லாக்டவுன் ஆட்டக்காரர் தம் வலது இடுப்பின் மேல் சாய்ந்து என்னை நோக்கித் திரும்பினால்தான் தூக்கிப் போட முடியும். முகம் மறுபக்கம் திரும்பி, இரண்டு தோள்பட்டைகளும் தரையில் படிந்துவிட்டால் அவருடைய இடுப்புயர்த்தலில் பாதிப் பலம் போய்விடுகிறது. வலது கையால் அவருடைய இடது அக்குளுக்கு அடியில் அண்டர்ஹுக் எடுக்க வேண்டும். அது கிடைத்து, என் மார்பு அவர் மார்பின் மேல் ஒட்டிவிட்டால், பூட்டு இருந்தாலும் நான் அவசரப்படத் தேவையில்லை.

கிராஸ்ஃபேஸ் என்றால் முகத்தைக் கையால் தள்ளுவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். கை தள்ளினால் அது விலக்கப்படும். தேர்ந்தவர்கள் அந்தக் கையின் முழங்கையை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே நெம்பித் தலையை விடுவிக்கும் பயிற்சியைத் தனியாகவே செய்கிறார்கள். அதை முறியடிக்க, என் முழங்கையைத் தரையோடு ஒட்டி, உள்ளங்கையை அவருடைய இடது தோளின் பின்புறத்தில் பதித்து, அழுத்தத்தை முழுக்கத் தோளிலிருந்து கொடுக்க வேண்டும். முழங்கை தரையிலிருந்து ஒரு விரல்கடை உயர்ந்திருந்தால்கூட அவர் விரல்கள் அங்கே நுழைந்துவிடும் என்பதைப் பலமுறை பார்த்தேன். முழங்கை தரையில் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் முதல் சோதனையாகிவிட்டது.

அவர் என்னை முந்திக்கொண்டு, என் வலது அக்குளுக்கு அடியில் தம் இடது கையை நுழைத்துவிட்டால், என் வலது கையை அவர் கையின் மேலாகச் சுற்றி விஸ்ஸர் போட்டு, அவரை மறுபடியும் முதுகில் படுக்க வைக்க வேண்டும். விஸ்ஸர் தற்காலிக ஏற்பாடுதான். அதோடு காலை விடுவிக்கப் புறப்பட்டால் அவர் முழங்காலிட்டு எழுந்து, இருவரும் பக்கத்துக்குப் பக்கம் முழங்காலில் நிற்கும் டாக்ஃபைட் நிலைக்குக் கொண்டுபோய்விடுவார். விஸ்ஸரால் அவரைப் படுக்க வைத்து, கிராஸ்ஃபேஸ் போட்டு, பிறகு என் கையைச் சுழற்றி அண்டர்ஹுக்காக மாற்றிய பிறகே அடுத்த கட்டம்.

நீட்டலை நிறுத்துதல்

மேலுடல் அடங்கிய பிறகு, அவருக்கு மிச்சமிருக்கும் ஆயுதம் நீட்டல். இதற்கு எனக்குப் பெரிதும் கைகொடுத்தது என் இடது கால். சிக்காமல் இருக்கும் இடது பாதத்தை என் வலது பாதத்தின் பின்னால் கொண்டுபோய், இடது கணுக்காலை வலது கணுக்காலோடு கோத்துவிடுகிறேன். இப்போது அவர் நீட்ட வேண்டுமானால் என் ஒரு காலை அல்ல, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்ட வேண்டும். தொடையின் பின்தசைகள் இரண்டும் சேர்ந்து தாங்கும்போது, பெரும்பாலானவர்களால் என் முழங்காலை முழுதாக நேராக்க முடிவதில்லை. பயிற்சித் துணைவர்கள் முதலில் ஒரு முறை பலமாக நீட்டிப் பார்ப்பார்கள், இரண்டாம் முறை குறைவாக, மூன்றாம் முறை வெறுமனே இறுக்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களுடைய கால்கள் களைப்பதை அங்கே உணர முடியும்.

கோத்துக்கொண்டே இருந்தால் கடக்க முடியாது என்பதும் உண்மை. கால்கள் கோத்திருக்கும்போது எனக்குப் பக்கவாட்டுச் சமநிலை குறைவு. மேலுடல் தளர்ந்திருந்தால் அவர் என்னை எளிதாக உருட்டிவிடுவார். ஆகவே கிராஸ்ஃபேஸ் உறுதியாக இருக்கும்போது மட்டுமே கோக்கிறேன், நீட்டல் அடங்கியதும் பிரித்துவிடுகிறேன்.

வலது பாதத்தைத் தரையில் எப்படி வைப்பது என்பதும் முக்கியம். விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்தினால், கணுக்காலின் முன்புறத்துக்கும் தரைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. கொக்கிப் பாதம் நுழைவதற்குத் தேவையான இடம் அதுதான். புறங்காலைத் தரையோடு படிய வைத்தால் அந்த இடம் இல்லை. ஹாஃப் கார்டின் மேற்பக்கம் வந்து சேர்ந்த உடனேயே, எதிராளியின் கால்கள் இன்னும் பின்னாத நிலையில், வலது புறங்காலைப் படிய வைத்து, தரையை உந்தும் வேலையை இடது பாதத்தின் விரல்களுக்கு மட்டும் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதனால் பல சுற்றுகளில் லாக்டவுன் முழுமையடையவே இல்லை. வெளிக்கால் வந்து விழுகிறது, கொக்கி மட்டும் மாட்டுவதில்லை. கொக்கி இல்லாத லாக்டவுன் சற்றே இறுக்கமான சாதாரண ஹாஃப் கார்டுதான். மாட்டிய பிறகு விடுபடும் முறைகளைப் பற்றியே பெரும்பாலோர் பேசுகிறார்கள். மாட்டாமல் தடுக்கும் இந்தச் சிறிய பழக்கத்துக்கு உரிய மதிப்பு கொடுக்கப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

முழங்காலை ஏற்றிக் கொக்கியை உரித்தல்

நீட்டல் அடங்கியதும் இடுப்பைச் சிறிது சிறிதாக முன்னேற்ற வேண்டும். ஒரே பாய்ச்சலாகப் போக முயன்றால் மார்புக்கும் மார்புக்கும் நடுவே காற்று புகுந்துவிடுகிறது. நான் செய்வது இது: மார்பின் எடையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது முழங்காலை அவருடைய வலது விலாப் பக்கமாக ஒரு சாண் நகர்த்துகிறேன், பிறகு வலது முழங்காலை அதற்கு இணையாக இழுத்துக்கொள்கிறேன். வலது முழங்கால் அவருடைய இடுப்பு எலும்பின் மட்டத்துக்கு வந்ததும், பூட்டின் தன்மை மாறுவதை உணர முடிகிறது. அதுவரை கணுக்காலில் இரும்பு வளையம்போல் இருந்த பிடி, கெண்டைக்காலின் பருத்த பகுதிக்கு ஏறி, கொக்கிப் பாதம் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முழங்கால் மடங்கும்போது வெளிக்காலின் முன்னெலும்பு என் கெண்டைக்காலிலிருந்து வழுக்கி முழங்கால் மடிப்புக்குள் வந்து அமரக்கூடும். அப்போது நான் குதிகாலை என் பிட்டத்தை நோக்கி மடக்கினால், எனக்கு நானே கெண்டைக்கால் நசுக்குப் பிடியைப் போட்டுக்கொள்கிறேன். எதிராளி என் பாதத்தை ஒரு கையால் இழுத்தால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். பன்னாட்டுப் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி வெள்ளை, நீலம், ஊதா பெல்ட்டுகளுக்கு அந்தப் பிடி தடைசெய்யப்பட்டிருக்கிறது. பழுப்பு, கறுப்பு பெல்ட்டுகளுக்கு மட்டுமே அனுமதி. விதி எப்படி இருந்தாலும் முழங்காலுக்கு அது தெரியாது. கூர்மையான எலும்பு மடிப்புக்குள் இருப்பதாக உணர்ந்தால் மடக்குவதை உடனே நிறுத்தி, காலைச் சற்றே நேராக்கி, முழங்காலை வெளிப்புறமாகத் திருப்பி, அந்த எலும்பு மறுபடியும் கெண்டைக்காலுக்குக் கீழிறங்கிய பிறகே தொடர வேண்டும். வேகமாக மடக்கி உருவும் முறையை நான் அடியோடு விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம். இடுப்பு முன்னேறுவதால் முழங்கால் மடங்க வேண்டும்; குதிகாலை வலுக்கட்டாயமாக இழுப்பதால் அல்ல.

கொக்கியை உரிக்கும் வேலை இடது பாதத்துடையது. இடது உள்ளங்காலை அவருடைய உள்காலின் முன்னெலும்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்து, அவருடைய பாதங்கள் இருக்கும் திசையில் நீளமாகத் தள்ளுகிறேன். தட்டிவிடுவதோ உதைப்பதோ இல்லை. விடாத, சீரான அழுத்தம். தள்ளும் அதே நேரத்தில் என் வலது முழங்கால் இன்னும் ஓர் அங்குலம் மேலே ஏறுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நடப்பதால் கொக்கிப் பாதம் என் கணுக்காலுக்கு அடியிலிருந்து வழுக்கிப் போகிறது. அது போனதும் உள்காலின் முழங்கால் மடிப்பு தளர்கிறது. மடிப்பு தளர்ந்ததும் வெளிக்காலின் பாதம் பிடிப்பை இழக்கிறது. நல்ல நாளில் இவை மூன்றும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொக்கி மட்டும் விலகும், பின்னல் அப்படியே நிற்கும். அதனால் குறையொன்றும் இல்லை. நீட்டும் ஆற்றல் போய்விட்டது, அதுதான் வேண்டியது.

கி என்னும் ஜியு-ஜிட்சு உடை அணிந்த பயிற்சியில் கால்சட்டைத் துணியின் உராய்வால் இந்த உரித்தல் மெதுவாகவே நடக்கிறது. ஆனால் அதே துணி எனக்கும் ஒரு பிடியைத் தருகிறது: மேலுடல் நன்றாக அடங்கியிருந்தால், வலது கையை ஒரு கணம் விடுவித்து, அவருடைய வெளிக்காலின் முழங்காலருகே துணியைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தலாம். அந்த உடை இல்லாத நோ-கியில் வியர்வையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, ஆனால் என் கிராஸ்ஃபேஸும் அதே அளவுக்கு வழுக்கும். நீண்ட கால்கள் உள்ளவர்களுக்குக் கொக்கி ஆழமாக விழுகிறது. முழங்காலை அவர்களுடைய இடுப்புக்கும் மேலே விலாவரை ஏற்ற வேண்டியிருக்கிறது. குட்டையான, தடித்த கால்கள் உள்ளவர்களுக்குக் கொக்கி ஆழம் குறைவு, ஆனால் பின்னலின் இறுக்கம் அதிகம். அவர்களிடம் பொறுமைதான் தேவை.

கடத்தல்

கொக்கி விலகிய பிறகு இருப்பது பழகிய ஹாஃப் கார்டு. எனக்கு ஒத்துவருவது குறுக்கே முழங்காலைச் சறுக்கும் முறை. இடது பாதத்தின் விரல்களில் எழுந்து, இடுப்பைச் சற்று உயர்த்தி, எடை முழுவதையும் தோள் வழியாக அவர் தாடைக்கு அனுப்பிவிட்டு, வலது முழங்காலை அவருடைய வலது தொடையின் மேலாகச் சாய்வாகத் தரைக்கு இறக்குகிறேன். முழங்கால் தரையைத் தொட்டதும் அவருடைய உள்தொடை என் முன்னெலும்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. மிச்சமிருப்பது பாதம் மட்டும். இடது பாதத்தால் அவர் முழங்காலைத் தள்ளி வலது பாதத்தை உருவிக்கொண்டு பக்கவாட்டில் அமர்கிறேன். போட்டியில் இதற்கு 3 புள்ளிகள், நிலையை 3 நொடிகள் நிலைநிறுத்த வேண்டும். பாதம் கடைசி வரை உள்ளே சிக்கியிருந்தால் அந்தப் புள்ளிகள் கிடைக்காது. ஆகவே பாதம் வெளிவந்த பிறகும் கிராஸ்ஃபேஸைத் தளர்த்தாமல் வைத்திருப்பதைத் தனியாகப் பழகினேன்.

அவர் முழங்காலைத் தடுப்பதற்காக இரு கைகளையும் கீழே கொண்டுவந்தால், மேலே கழுத்தும் தோளும் திறந்துவிடுகின்றன. அப்போது அண்டர்ஹுக்கை இன்னும் உயர்த்தி, மவுண்டுக்குப் போவதே நல்லது. இடுப்பைத் திருப்பி அவர் கால்களைப் பார்த்து அமர்ந்து, இரண்டு கைகளாலும் பூட்டைப் பிரிக்கும் முறையும் ஒன்று இருக்கிறது. வலிமையான பின்னலைப் பிரிக்க அது சிறந்தது. ஆனால் என் முதுகு அவருடைய மார்புக்குத் திறந்து கிடக்கிறது. அவருக்கு அண்டர்ஹுக் இருந்தால் நேராக முதுகுக்கு வந்துவிடுவார். அவருடைய இடது கை என் விலாவோடு அழுத்தப்பட்டு முடங்கியிருக்கும்போது மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன்.

பயிற்சியை அமைத்த விதம்

முழுச் சுற்று ஆடும்போது லாக்டவுன் எப்போதாவதுதான் வரும். வரும்போது இருவருமே களைத்திருப்போம். அதனால் நிலைப் பயிற்சியாகவே தொடங்கினோம். லாக்டவுன் முழுமையாக மாட்டப்பட்டு, கைகள் இருவருக்கும் சமநிலையில் இருக்க, அங்கிருந்து ஆட்டம் ஆரம்பம். நான் கடந்தாலோ அவர் புரட்டினாலோ மறுபடியும் அதே இடம். முதல் கட்டத்தில் துணைவர் கால்களை மட்டும் பயன்படுத்தினார், நான் நீட்டலை நிறுத்துவதை மட்டும் பழகினேன். அடுத்த கட்டத்தில் அவர் கைகளை மட்டும் பயன்படுத்தினார், நான் கிராஸ்ஃபேஸையும் அண்டர்ஹுக்கையும் மட்டும். இரண்டையும் சேர்த்தபோதுதான் வரிசையின் அருமை தெரிந்தது: மேலுடலில் ஒரு கை தளர்ந்த மறுகணமே காலில் நீட்டல் வந்துவிடும். துணைவர் அதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. என் எடை தாடையிலிருந்து நீங்கியதும் அவர் இடுப்பு தானாகவே உயர்கிறது.

இரண்டு எச்சரிக்கைகளைப் பயிற்சித் துணைவர்களிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். நீட்டும்போது முழங்காலின் உட்புறத்தில் இழுவிசை வந்தால் உடனே டேப், அதாவது கையால் தட்டி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அது தோல்வியாகக் கணக்கில் வராது. கால்விரிப்புப் பிடியில் தொடையின் உள்தசைகள் மெல்ல எச்சரிக்காமல் திடீரென்று எல்லையைத் தொடுவதால், அதைப் போடுபவர் நிதானமாகப் போட வேண்டும். கெண்டைக்காலில் நீலம் பாய்ந்து வலிப்பது இந்தப் பயிற்சியில் சாதாரணம். முழங்கால் மடிப்பிலோ உட்பக்கத்திலோ வலித்தால் அன்றைக்கு அந்தக் காலோடு பயிற்சியை நிறுத்திவிட்டு, மறு காலுக்கு மாறினோம். இடது கால் சிக்கினால் எனக்கு எல்லாமே மந்தமாக நடக்கிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது. கிராஸ்ஃபேஸ் போடும் கை மாறுவதால் தோளின் எடை சரியான இடத்தில் அமர நேரம் பிடிக்கிறது.

இன்னும் வேலை பாக்கியிருக்கும் இடம்

மேலே சொன்னவை எல்லாம் அவருடைய கைகள் என் மேலுடலோடு போராடும்போது நன்றாக வேலை செய்கின்றன. அவர் மேலுடலை விட்டுவிட்டு, என் சிக்காத இடது காலைத் தேடி வரும்போது கதை வேறு. அந்தக் காலின் பாதத்தை எட்டிப் பிடித்தால் என்னைப் புரட்டி 2 புள்ளிகள் எடுப்பார். முழங்காலுக்கு அடியில் கையை நுழைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டால் எலக்ட்ரிக் சேருக்குப் போவார். இடது காலை அகலமாக ஊன்றினால் எனக்குச் சமநிலை நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் கைக்கு அது கிட்டத்தில் கிடைக்கிறது. வலது காலோடு ஒட்டி வைத்தால் கைக்கு எட்டுவதில்லை, ஆனால் உருட்டுவது எளிதாகிறது.

இப்போது செய்து பார்ப்பது இது: அவர் தலை என் விலாவுக்குக் கீழே இறங்கத் தொடங்கியவுடன், கால் பிடிபடும் முன்பே, இடது முழங்காலை அவருடைய வலது காதருகே கொண்டுவந்து, தலைக்கும் என் தொடைக்கும் நடுவே இருக்கும் வழியை அடைக்கிறேன். தலை உள்ளே வர முடியாவிட்டால் கையும் ஆழமாக வருவதில்லை. மெதுவான ஆட்டத்தில் இது பிடிக்கிறது. வேகமாக நுழைபவர்களிடம் என் முழங்கால் இன்னும் பிந்தியே வந்து சேர்கிறது. ஆகவே அடுத்த சில வாரங்களுக்கு, அவர் தலை ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கும் நிலையிலிருந்தே நிலைப் பயிற்சியைத் தொடங்குவதாகத் துணைவரோடு பேசி வைத்திருக்கிறேன்.